இந்தக் கண்டத்தில் இல்லாத பறவைக்கு ஒரு தொங்குகூடை

போன மாதம் சிட்னியில் எங்கள் டூங்கபி தோட்டக்காரர் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. ஹம்மிங்பேர்ட் பறவைகளைக் கவரும் தொங்குகூடைச் செடிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று, அழகான படங்களோடு. அன்று பின்னேரத்துக்குள் சிலர் பிளாக்டவுன் வரை போய்ச் செடியும் கூடையும் வாங்கிவிட்டார்கள். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி வந்ததே இல்லை, அவுஸ்திரேலியாவில் ஒன்றுகூடக் கிடையாது என்று நான் எழுதினேன். பிறகு ஐடி வேலை பார்க்கும் கார்த்திக் எழுதினார்: "அதனால என்ன ஆன்ட்டி, செடிய வச்சா ஏதாவது ஒரு பறவை வராமலா போகும்?"

வரும். எந்தப் பறவை வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை ஒரு வட்ஸ்அப் செய்தியில் சொல்ல முடியாது என்றேன். அப்படியானால் கட்டுரையாக எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்றவளிடம் நேரம் இல்லை என்ற சாட்டு எடுபடாது.

என் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது யாழ்ப்பாணம். விவசாயம் படித்துப் பட்டம் பெற்றது கண்டிப் பக்கம். சிட்னிக்கு வந்தபோது பட்டங்களை மதிப்பிடும் அலுவலகம் என் பட்டத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டது. வேலை தருகிறவர்கள் ஏற்கவில்லை. ஆகவே ஒரு தொழிற்கல்லூரியில் சேர்ந்து, எனக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றை மறுபடியும் கட்டணம் கட்டிப் படித்தேன். புதிதாகக் கற்றது ஒன்றே ஒன்று: இந்த நாட்டுச் செடிகளில் பலவற்றுக்குப் பொஸ்பரஸ் ஆகாது. ஊரில் நாங்கள் வேருக்கு நல்லது என்று அள்ளிப் போட்ட உரம் இங்கே கிரெவில்லியா என்ற பூச்செடியைக் கொன்றுவிடும். அந்த ஒரு பாடத்துக்காகக் கல்லூரியை மன்னித்துவிட்டேன்.

பிறகு டூரல் பக்கத்தில் ஒரு மொத்த விற்பனை நர்சரியில் வேலை. நான் பொறுப்பேற்றது தொங்குகூடைப் பிரிவு. அங்கே நாங்கள் ஐந்து பெண்கள். எங்கள் எல்லோருக்கும் மேலே கொலின்.

கொலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நர்சரியில் அலுவலகக்காரர்போலக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேலை செய்த ஒரே மனிதர் அவர்தான். கண்ணாடி வீட்டுக்குள் நாற்பது டிகிரி வெயில் அடித்தாலும் பட்டி கழன்றதில்லை. யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், பக்கத்தில் இருக்கும் செடியைத்தான் பார்ப்பார். நீங்கள் சம்பள உயர்வு கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தொட்டியைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் தட்டி, வேரை வெளியே இழுத்து, மணந்து பார்த்துவிட்டு, "நல்ல வேர்" என்பார். உங்கள் கோரிக்கைக்கு அதுதான் பதில். அவருடைய ஏப்ரன் பையில் எப்போதும் உர மணிகள் இருக்கும். நடக்க நடக்க, கோழிக்குத் தீனி போடுவதுபோல ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டே போவார். அன்பினால் செய்வதுதான். பெட்டூனியாவுக்கு அந்த அன்பு பொருந்தும். கிரெவில்லியா வரிசைக்கு அவர் வரும்போது மட்டும் நான் முன்னால் போய் நின்று ஏதாவது கேள்வி கேட்பேன். கேள்வி கேட்டால் கொலின் செடி ஒன்றைக் கையில் எடுத்துவிடுவார். கை பையை விட்டு வெளியே வந்துவிடும்.

கூடை கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கூடைக்குள் விரிக்கும் தேங்காய்த் தும்புத் தட்டைத் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். காய்ந்த தும்பு செடியின் தண்ணீரைத் தானே குடித்துவிடும். அந்தத் தும்பு இலங்கையிலிருந்து வந்தது. அதற்கும் எனக்கும் ஒரே ஊர். அதற்கு மட்டும் இந்த நாட்டுக்குள் வர என்னைவிட விரைவாக அனுமதி கிடைத்தது. பிறகு மண்கலவை. பையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, முகமூடி போட்டு, கலவையில் தண்ணீர் தெளித்துத் தூசு அடங்கிய பிறகே கை வைக்கவேண்டும். மண்கலவைத் தூசில் நுரையீரலைத் தாக்கும் ஒரு கிருமி இருக்கலாம். செடிகளை நேராக நடாமல் விளிம்பை நோக்கிச் சற்றுச் சாய்த்து நடவேண்டும். தொங்கவிட்ட பிறகு கிழமைக்கு ஒருமுறை கால் வட்டம் திருப்பவேண்டும். இல்லாவிட்டால் கூடை ஒரு பக்கம் பூவும் மறுபக்கம் மொட்டையுமாக, பாதி சவரம் செய்த முகம்போல ஆகிவிடும்.

இந்த நிலையில் கொலின் அமெரிக்காவில் நடந்த ஒரு வியாபாரக் கண்காட்சிக்குப் போய்வந்தார். திரும்பி வரும்போது பெட்டி நிறைய வர்ண அட்டைகள். சிவப்புப் பூவுக்கு முன்னால் ஒரு ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நிற்கும் படம். கீழே "இந்தக் கூடை இவர்களை அழைக்கும்" என்று ஆங்கிலத்தில்.

"இந்தப் பறவை இங்கே இல்லை" என்றேன்.

அவர் அட்டையைச் சொருகியிருந்த பியூஷியாச் செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஷான், சனம் படத்தை வாங்குகிறது." சாந்தினி என்ற என் பெயரை அவர் பாதியாக்கிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

சனம் வாங்கியது உண்மை. முதல் வசந்தகாலத்தில் கூடைகள் பறந்தன. பறவைகள் பறக்கவில்லை. காசில் ஹில்லில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பள்ளி அதிபர் அம்மையார் திங்கட்கிழமை தவறாமல் அழைப்பார். பிரிவில் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவள் என்ற பெருமைக்குத் தண்டனையாக அந்த அழைப்பு எனக்கே வரும்.

"இன்னும் வரவில்லை" என்பார்.

கடைசியில் ஒரு திங்கள் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா, அது பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து வரவேண்டும். பறவையின் எடை கோப்பைக்குள் போடும் ஒரு தேயிலைப் பைக்கு மேல் இல்லை."

அவர் தம் கூடைகளைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்கு நிறையச் சிநேகிதிகள் இருந்தார்கள். அவர்களும் கொண்டுவந்தார்கள். இலையுதிர்காலம் தொடங்கும்போது திருப்பி வந்த கூடைகள் எங்கள் கொட்டகையின் பின்பக்கத்தை நிறைத்துவிட்டன. கொலின் ஒரு கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிட்டு, குளிர்காலம் முடிந்ததும் கூடைப் பிரிவை மூடப்போவதாகச் சொன்னார். பெட்டூனியா நிறைந்த தயார்க் கூடைகளை வெளியே வாங்கிக்கொள்வது லேசு என்றார்.

என் வேலை போனால் நான் சமாளிப்பேன், மற்ற நாலு பேருக்கு அப்படியில்லை. ரிஸ்வானா என்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவள், அக்கரைப்பற்றுக்காரி. கணவர் முதுகு உடைந்து வீட்டில் இருந்தார். இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பும் வீட்டு வாடகையும் அவள் கையில். ஆங்கிலம் எல்லாம் அவளுக்கு விளங்கும். பேசுவதை மட்டும் என்னிடம் விட்டுவிடுவாள்.

"அக்கா, இந்த மனிசன் பொய்க் குருவிய ஒட்டிப்போட்டு நம்மள வெளிய போடப் பாக்கிறாரு" என்றாள். "மறுகா என்ன, உண்மைக் குருவிய நாம கூப்பிட ஏலாதா?"

ஏலும் என்றுதான் எனக்கும் பட்டது. அந்தக் கிழமையிலேயே டெபி அழைத்தாள்.

டெபி பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு வைத்தியசாலையில் தலைமைத் தாதி. முதுகெலும்பு, இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களின் வார்டு அவளுடையது. யன்னல்கள் திறவாதவை. கண்ணாடிக்கு வெளியே கூடைகள் தொங்கவேண்டும், அவற்றுக்குப் பறவை வரவேண்டும் என்றாள். "அட்டையில் உள்ள பறவை வேண்டாம். அது ஏமாற்று என்று எனக்குத் தெரியும். உயிரோடு ஏதாவது வந்தால் போதும்." சரிவந்தால் மற்ற வார்டுகளுக்கும் தொடர்ந்து கூடைகள் எடுப்பதாகச் சொன்னாள்.

கொலினுக்குப் பெரிய ஓடரின் மணம் தூரத்திலேயே தெரியும். "குளிர்காலம் முடியமுதல் அங்கே பறவை வந்தால் பிரிவு இருக்கும். வராவிட்டால் மூடுவேன்" என்றார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதனால் அது பகிடி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

டெபியோடு முதல் சந்திப்பு ஒரு வாய்மொழிப் பரீட்சை. நோயாளிகள் இருக்கும் இடத்தில் மண்கலவை பற்றிய பயம் நியாயமானது. கூடைகளை நர்சரியிலேயே கட்டி, வேர் பிடித்த பிறகே கொண்டுவருவோம், கலவைப் பை ஒன்றுகூட வைத்தியசாலை வளவுக்குள் வராது என்றேன். தண்ணீரைத் தெளித்தால் நுண்துளிகளோடு கிருமி பறக்கும், ஆகவே மெல்லிய குழாயால் வேரடிக்குச் சொட்டுச் சொட்டாக விடுவோம். வடிந்த நீர் நடைபாதையில் விழுந்து யாரும் வழுக்காதபடி கூடையின் கீழே தட்டு. கொக்கிகளில் கூடையைப்போல் இரண்டு மடங்கு பாரம் தொங்கவிட்டுச் சோதிப்போம்.

"இதையெல்லாம் எங்கே படித்தாய்?" என்று கேட்டாள்.

"கிருமி விஷயம் மண்கலவைப் பையின் முதுகில் அச்சடித்திருக்கிறது. ஒருவரும் அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பதில்லை."

டெபி சிரித்தாள். அன்றிலிருந்து அவள் என் பக்கம்.

ஆனால் செடியையும் இடத்தையும் கொலின்தான் தேர்ந்தெடுத்தார். செடி, கையளவு பெரிய பூ விடும் கலப்பின கிரெவில்லியா. இடம், வைத்தியசாலையின் நடு முற்றம். அங்கே புல்வெளி, உயரமான இரண்டு யூக்கலிப்டஸ், கோப்பிக் கடை. வருகிறவர்கள் கோப்பி குடித்தபடி கூடைகளைப் பார்ப்பார்கள், நர்சரியின் பெயரைப் பார்ப்பார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பூவில் தேன் வழியும், வழிந்தால் மைனர் வரும் என்றேன்.

மைனர் என்பது நம் மைனா இல்லை. சாம்பல் உடலும் மஞ்சள் மூக்கும் கொண்ட இந்த நாட்டுப் பறவை. கூட்டமாக வாழும். திறந்த புல்வெளியும் இரண்டு மரமும் நிறையத் தேனும் கண்டால் அந்த இடத்துக்குத் தானே காணி உறுதி எழுதிக்கொள்ளும். பிறகு வேறெந்தச் சின்னப் பறவையையும் உள்ளே விடாது.

கொலின் ஒரு கிரெவில்லியாவின் வேரை மணந்தார். "நல்ல வேர்" என்றார்.

கூடைகள் தொங்கிய அன்றே மைனர் வந்தது. அடுத்த நாள் அதன் குடும்பம் வந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் முற்றம் முழுக்க அவர்களுடைய இராச்சியம். கோப்பி வாங்கி வந்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் தலையில் ஒன்று கொத்தியது. இன்னொன்று டெபியின் மேலதிகாரி கையில் இருந்த கேக்கை எடுத்துக்கொண்டு போனது. படுக்கையில் கிடந்தவர்களுக்குக் காலை ஐந்து மணியிலிருந்து கண்ணாடியைத் தாண்டிக் கூச்சல்.

டெபி அழைத்துச் சொன்னாள்: "பறவை கேட்டேன். ரவுடி கேட்கவில்லை."

கூடைகளைக் கழற்றிக் கொண்டுவந்தோம். கொலின் மூடும் திகதியைப் பற்றிப் பேச வாயெடுத்தார். நான் இடைமறித்தேன். அவருடைய கூடை தோற்றது, எங்களுடையது இன்னும் தொங்கவே இல்லை என்றேன். அவர் அவசரமாக ஒரு தொட்டியைத் தேடினார். பக்கத்தில் தொட்டி இல்லாத இடமாகப் பார்த்துத்தான் நான் பேச்சைத் தொடங்கியிருந்தேன்.

"எங்கே தொங்கவிடுவாய்?"

"பின்பக்கம். ஓடைக் கரையோரம். அங்கே முட்புதர் அடர்த்தியாக இருக்கிறது. சின்னப் பறவை ஒளிந்து நிற்கும், மைனருக்கு அடர்த்தி பிடிக்காது."

"பின்பக்கத்தில் யார் பார்ப்பார்கள்?"

"படுத்திருப்பவர்கள். கேட்டது அவர்கள்தானே."

"குளிர்காலம் முடியும்வரை" என்றார் கொலின்.

இனி, கார்த்திக்கும் மற்றவர்களும் கவனமாக வாசிக்கவேண்டிய இடம். எனக்கு வேண்டிய பறவை ஸ்பைன்பில். தேன் குடிக்கும் பறவைகளில் சிறியது. மூக்கு நீண்டு, மெல்லியதாக, தையல் ஊசியை இலேசாக வளைத்ததுபோல இருக்கும். பூவுக்கு முன்னால் சிறகடித்து அந்தரத்தில் நின்று குடிக்கவும் அதற்குத் தெரியும். இந்த நாட்டில் ஹம்மிங்பேர்டுக்கு மிக நெருங்கிய வித்தைக்காரன் அதுதான். இலையுதிர்காலத்தில் சிட்னிக்கு மேற்கே உள்ள நீலமலைக் குளிரிலிருந்து பலவும் கீழே இறங்கி வரும். ஆகவே செடி குளிர்காலத்தில் பூக்கவேண்டும். பூ குழாய்போல ஒடுங்கி, தலைகீழாகத் தொங்கவேண்டும். தேன் கொஞ்சமாகவே இருக்கவேண்டும், மைனர் காவல் காக்கும் அளவுக்கு இருக்கக்கூடாது. நிறையத் தேனை வைத்தால் பலசாலிதான் வருவான். கொஞ்சமாக, ஆழத்தில் வைத்தால் அதற்கேற்ற மூக்கு உள்ளவன் வருவான்.

இந்த நாட்டுச் செடியான கொரியாவை விளிம்பில் வைத்தேன். மணிபோல் தொங்கும் பூக்கள். நடுவில் எபாக்ரிஸ், சிவப்புக் குழாய், நுனியில் வெள்ளை. பொஸ்பரஸ் குறைந்த உரம், அதுவும் பாதி அளவு. கூடைகளை உயரத்தில் மாட்டவில்லை. டெபியின் வார்டில் ஒரு வெறுங்கட்டிலில் நானே படுத்துப் பார்த்து, தலையணையில் கிடக்கும் கண்ணுக்குப் பூ எங்கே தெரியுமோ அங்கே கொக்கி போடச் சொன்னேன். ரிஸ்வானா கால்மாட்டில் நின்று, "அக்கா, எழும்பிராதீங்க, நல்லா இரிக்கி, ரெண்டு நாள் படுத்துட்டு வாங்க" என்றாள்.

கூடைகள் நர்சரியில் வேர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆபத்து வந்தது. கொலின் பார்வையிட வந்தார். நான் தொலைபேசியில் இருந்தேன். அவருடைய வலது கை ஏப்ரன் பைக்குள் போவதை ரிஸ்வானா கண்டாள். மேசையைச் சுற்றி ஓடிவந்து கூடைக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"கொலின். நோ."

அந்த நர்சரியில் அவள் அவரிடம் நேரடியாகப் பேசிய முதல் இரண்டு சொற்கள் அவை. கொலின் கையை வெளியே எடுத்து, விரித்து, உர மணிகளைத் தம் பைக்குள்ளேயே திருப்பிக் கொட்டினார்.

கூடைகள் தொங்கின. ஒவ்வொரு வெள்ளியும் நானும் ரிஸ்வானாவும் போய்க் கால் வட்டம் திருப்பினோம். பூ வந்தது. பறவை வரவில்லை. யூன் போனது. யன்னலோரக் கட்டிலில் டோனி என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி, கழுத்தை அசைக்க முடியாத கவசத்தோடு கிடந்தார். எங்களைக் கண்டால் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து கையால் இறக்கை அடித்துக் காட்டுவார். வார்டுக்குள் போனால் வாயாலும் சொல்வார்: "ஒரு பிளாஸ்டிக் குருவியை வாங்கிக் கட்டிவிடுங்கள் பிள்ளைகளே. நான் காட்டிக்கொடுக்கமாட்டேன்."

யூலை நடுவில் நானும் உள்ளூரக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். செடி சரி, இடம் சரி, காலம் சரி. பறவைக்கு இதையெல்லாம் யார் அறிவிப்பது? அதற்கு மட்டும் நடைமுறை எதுவும் எழுதப்படவில்லை.

ஒரு வியாழன் மத்தியானம் டெபி அழைத்தாள். டோனி பறவையைக் கண்டதாகச் சொல்கிறார், ஆனால் வேறொருவரும் காணவில்லை, அவருக்கு வலிக்குக் கொடுக்கும் மருந்து கொஞ்சம் பலமானது என்றாள். தொலைபேசியை டோனியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"எப்படி இருந்தது?"

"சின்னது. தலை கறுப்பு. கழுத்து வெள்ளை, அந்த வெள்ளைக்கு நடுவில் தேத்தண்ணி சிந்தினதுபோல ஒரு பழுப்புப் பொட்டு. வயிறு கறுவாப் பட்டை நிறம். கண் சிவப்பு. என்னை நேராகப் பார்த்தது."

எந்த மருந்தாலும் ஒருவருக்கு அந்தப் பொட்டை அவ்வளவு சரியான இடத்தில் வைக்க முடியாது. நான் ரிஸ்வானாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொலின் நம்பவில்லை. தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். மறுநாள் மூவரும் போனோம். அவர் டோனியின் கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்தார். கழுத்துப்பட்டியோடு, கையில் பிடிக்கத் தொட்டி இல்லாமல். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. டோனி மட்டும் அமைதியாக இருந்தார்.

"அவசரப்படாதேங்கோ. அவன் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவான்" என்று நான் ரிஸ்வானாவிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புதரிலிருந்து ஒரு துடிப்பு வந்தது. பறவை கூடைக்கு முன்னால், கண்ணாடியிலிருந்து ஒரு முழத் தூரத்தில், காற்றில் நின்றது. வளைந்த மூக்கை எபாக்ரிஸ் குழாய்க்குள் விட்டது, எடுத்தது, அடுத்ததுக்குப் போனது. அதன் பின்னால் இன்னொன்று வந்து கொரியாவின் கம்பில் தொங்கியது. வார்டில் எழுந்து உட்காரக்கூடிய ஒவ்வொருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். மூலைக் கட்டிலில் இருந்த ஒரு பெண்மணி, இயன்மருத்துவர் எத்தனையோ நாள் கெஞ்சியும் தலையணையை விட்டு முதுகை எடுக்காதவர், முழங்கையை ஊன்றி நிமிர்ந்துவிட்டார். டெபி அவரைப் பார்த்தாளே தவிரப் பறவையைப் பார்க்கவில்லை.

கொலின் டோனியின் முகத்தைப் பார்த்து, "தினமும் வருமா?" என்று கேட்டார்.

"நான் இருக்கும்வரை வரும்" என்றார் டோனி. "யன்னல் கட்டிலை யாருக்கும் தரமாட்டேன்."

திங்கட்கிழமை கொலின் எங்கள் ஐவரையும் தேநீர் அறைக்கு அழைத்தார். டெபியின் வைத்தியசாலை எல்லா வார்டுகளுக்கும் கூடை கேட்டிருந்தது. அதைக் கேள்விப்பட்ட இரண்டு முதியோர் இல்லங்களும் கேட்டிருந்தன. பிரிவு மூடப்படாது என்றார். இனி எந்தச் செடி, எந்த இடம் என்பதை ஷான் முடிவுசெய்வாள் என்றார். இவ்வளவு வேலைக்கு ஆள் காணாது, புதிதாக இரண்டு பேரை எடுக்கலாமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ரிஸ்வானா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். "அக்கா, ரெண்டு காணா. மூணு பேர் வேணும் எண்டு செல்லுங்க."

நான் நான்கு என்று மொழிபெயர்த்தேன். ரிஸ்வானாவுக்கு விளங்கியது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கொலின் நால்வரையும் எடுத்தார்.